பெண்கள் டீமில் யார் ஓடலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

2026 ஜனவரி 13-ம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில், திருநங்கை மாணவிகளைப் பெண்கள் டீமிலிருந்து விலக்கும் ஐடஹோ, மேற்கு வர்ஜீனியா சட்டங்கள் பற்றிய வழக்குகளின் வாதம் நடந்தது. அன்றிலிருந்து, திருநங்கை மாணவிகள் பள்ளி விளையாட்டில் சேர்வது பற்றிக் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. ஆசிரியர் மொத்தக் கட்டையும் என் பக்கம் தள்ளிவிட்டார். நான் வக்கீல் இல்லை. ஒஹாயோவில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். ஃபிசிக்கல் ஃபார்ம் (உடல் பரிசோதனைச் சான்று), மதிப்பெண் தகுதி, பெற்றோர் கையெழுத்து என்று எல்லாக் காகிதமும் என் மேசையைத் தாண்டித்தான் மைதானத்துக்குப் போகும். டிராக் சீசனில் சனிக்கிழமைகளில் ஸ்டாப்வாட்ச் பிடிக்கவும் கூப்பிடுவார்கள். அந்த இடத்திலிருந்து தெரிவதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டு விஷயம் என்றால் உள்ளூர் வக்கீல் ஒருவரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் பிள்ளைக்கு 12 வயது. பிறந்தபோது பையன். சில வருடங்களாகப் பெண்ணாகத்தான் வாழ்கிறாள். இங்கே கலிஃபோர்னியாவில் பள்ளியின் பெண்கள் வாலிபால் டீமில் ஆடுகிறாள். கணவருக்கு டாலஸில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே போனாலும் ஆட முடியுமா, அக்கா?
— ஒரு அம்மா, ஃப்ரிமான்ட்

பள்ளியின் பெண்கள் டீமில் முடியாது, அம்மா. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை.

கலிஃபோர்னியாவில் 2014 ஜனவரியிலிருந்து சட்டமே உங்கள் மகள் பக்கம் இருக்கிறது. மாணவர் தன்னை எந்தப் பாலினமாக உணர்கிறாரோ அந்த டீமில் சேரலாம். பள்ளிப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது பொருட்டல்ல. டெக்சஸில் நேர் எதிர். அங்கே 2021-ல் நிறைவேறி 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த ஹெச்.பி. 25 என்ற சட்டம், பிறந்த நேரத்தில் அல்லது அதையொட்டிப் பதிவான பிறப்புச் சான்றிதழைப் பார்க்கச் சொல்கிறது. பின்னால் கோர்ட்டுக்குப் போய் மாற்றி வாங்கிய சான்றிதழ் செல்லாது. சான்றிதழே கிடைக்காவிட்டால் வேறொரு அரசு ஆவணத்தைப் பார்க்கலாம் என்றும் அதில் இருக்கிறது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் இந்த வரியைக் கவனிக்க வேண்டும்.

வேலையை ஏற்கும் முன் இன்னும் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தச் சட்டம் பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளுக்கானது. தனியார் கிளப், நகராட்சி நடத்தும் பொழுதுபோக்கு லீக் எல்லாம் அதற்குள் வராது. அவரவர் விதி அவரவருக்கு. வாலிபாலில் கிளப் ஆட்டம்தான் பள்ளி ஆட்டத்தைவிடப் பெரியது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆனால் கிளப்களும் இப்போது வேகமாக விதிகளை மாற்றி வருகின்றன, சேரும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடுத்தது, 2025 டிசம்பரில் டெக்சஸில் இன்னொரு சட்டம் அமலுக்கு வந்தது. அரசுப் பள்ளிகளில் கழிப்பறை, உடை மாற்றும் அறை எல்லாவற்றுக்கும் பிறப்புப் பாலினம்தான் என்கிறது அது. விளையாட்டை விட்டுவிட்டாலும் இந்தக் கேள்வி தினமும் வரும். வேலை நல்ல வேலையா என்பதோடு இதையும் சேர்த்து உட்கார்ந்து பேசுங்கள், மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

என் மகள் 400 மீட்டர் ஓடுகிறாள். காலை ஐந்து மணிக்கு எழுந்து பயிற்சி. பெண்களுக்கென்று தனிப் போட்டி வைத்ததே நியாயத்துக்குத்தானே? இதைக் கேட்டால் உடனே என்னை வெறுப்பாளன் என்கிறார்கள்.
— ஒரு அப்பா, எடிசன், நியூஜெர்சி

வெறுப்பு என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் கேள்விக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது.

1972-ல் டைட்டில் நைன் என்ற கூட்டாட்சிச் சட்டம் வந்தது. மத்திய அரசுப் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் பாலினத்தின் பேரில் பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதன் சாரம். அந்தச் சட்ட வாசகத்தில் விளையாட்டு என்ற பேச்சே இல்லை. 1975-ல் வந்த விதிகள்தான், திறமை பார்த்து ஆள் எடுக்கும் விளையாட்டுகளிலும் உடல் மோதும் விளையாட்டுகளிலும் ஆண் பெண் டீம்களைத் தனித்தனியாக வைக்கலாம் என்றன. டைட்டில் நைன் வருவதற்கு முன் நாடு முழுக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய பெண்கள் மூன்று லட்சம்கூடத் தேறவில்லை. இன்று 30 லட்சத்துக்கும் மேல். அந்தத் தனி டீம் இல்லாவிட்டால் உங்கள் மகளுக்கு ஓடுவதற்கு லேனே இருந்திருக்காது.

உடல் வித்தியாசமும் கற்பனை இல்லை. உச்ச நிலை ஓட்டப் பந்தயங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே சுமார் 10 முதல் 12 சதவீதம் இடைவெளி இருக்கிறது. தாண்டுவதிலும் எறிவதிலும் இன்னும் அதிகம். பெரும்பகுதி, பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் செய்கிற வேலை. அதற்கு முன் வித்தியாசம் மிகச் சிறியது. உங்கள் தரப்பு வலுவாக நிற்பதும் வழுக்குவதும் இந்த ஒரே இடத்தில்தான். மேற்கு வர்ஜீனியா வழக்கின் மாணவி, ஆண் பருவ வளர்ச்சி வராமலே மருந்தால் தடுக்கப்பட்டவர். ஆறாம் வகுப்புக்குப் போகும்போது பெண்களின் கிராஸ் கன்ட்ரி (நெடுந்தூர ஓட்டம்) டீமில் சேரக் கேட்டார். மாநிலச் சட்டம் அவரையும், பருவ வளர்ச்சி முடித்த 18 வயதுக்காரரையும் ஒரே வரியில் நிறுத்துகிறது. கல்லூரி வரைக்கும் அதே வரிதான்.

நியாயம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போன பெண்களும் உண்டு. கனெக்டிகட்டில் இரண்டு திருநங்கை மாணவிகள் குறுந்தூர ஓட்டங்களில் தொடர்ந்து ஜெயித்ததை எதிர்த்து, 2020-ல் மாணவிகள் வழக்குப் போட்டார்கள். கீழ்க் கோர்ட்டு தள்ளுபடி செய்த அந்த வழக்குக்கு, 2023 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு மறுபடி உயிர் கொடுத்தது. அந்தப் பெண்களின் வருத்தத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எட்டு லேன் உள்ள மைதானத்தில் ஒன்பதாவது நேரம் எடுத்துவிட்டு வேலியோரம் வந்து நிற்கும் பெண்ணை நான் ஒவ்வொரு சீசனும் பார்க்கிறேன்.

2025 மே கடைசியில் கலிஃபோர்னியா மாநில டிராக் போட்டியில் ஒரு வழி செய்தார்கள். திருநங்கை மாணவி பங்கெடுத்த போட்டிகளில், அவரால் இடம் போயிருக்கக்கூடிய பெண்ணுக்குக் கூடுதல் இடம். க்ளோவிஸில் ஹை ஜம்ப், ட்ரிபிள் ஜம்ப் இரண்டிலும் முதலிடத்தைப் பகிர்ந்து கொடுத்தார்கள். மேடையில் அந்தப் பிள்ளைகள் ஒன்றாகவே நின்றார்கள், வெளியே பெரியவர்கள்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். தாண்டுகிற போட்டிக்கு இந்த ஏற்பாடு ஒத்துவரும். கூடைப்பந்தில் ஐந்து பேர்தான் ஆட முடியும், அங்கே ஆறாவது ஆளை எங்கே நிறுத்துவது? எனவே இதையே எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்ல மாட்டேன்.

சட்டம் போடுவது சுலபம். யார் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? மருத்துவச் சோதனையா?
— ஒரு வாசகி, சால்ட் லேக் சிட்டி

இந்தக் கட்டில் வந்த கடிதங்களில் உங்களுடையதைத்தான் நான் இரண்டாவது தடவை படித்தேன். அரசியல்வாதிகள் மேடையில் தொடாத கேள்வி. என் மேசைக்கு வந்து உட்காருவதும் இதுதான்.

முதலில் ஐடஹோ. 2020 மார்ச்சில் நாட்டிலேயே முதலாவதாக இந்த மாதிரிச் சட்டம் போட்ட மாநிலம். ஒரு மாணவியின் பாலினத்தைப் பற்றி யாராவது ஆட்சேபம் எழுப்பினால், அவள் டாக்டரிடமிருந்து சான்று கொண்டுவர வேண்டும். டாக்டர் எதைப் பார்க்க வேண்டும்? உடல் உறுப்பு, அல்லது மரபணு, அல்லது உடலில் இயற்கையாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் அளவு. ஆட்சேபம் எழுப்புகிறவர் எந்த ஆதாரமும் காட்ட வேண்டும் என்று இல்லை. ஆண்கள் டீமுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அந்தச் சட்டத்தை 2020 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் நிறுத்தி வைத்தபோது, திருநங்கைகளை மட்டுமல்ல, எல்லாப் பெண் பிள்ளைகளையும் அது சோதனைக்கு ஆளாக்குகிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

எங்கள் ஒஹாயோவிலும் 2022 ஜூனில் கீழவை நிறைவேற்றிய மசோதாவில் உறுப்புச் சோதனை இருந்தது. செய்தி வெளியே வந்ததும் கட்சி பேதமில்லாமல் எல்லாருக்கும் கூச்சமாகிவிட்டது, மேலவையில் அதை எடுத்துவிட்டார்கள். 2024-ல் அமலான இப்போதைய சட்டம், ஆண் பாலினத்தவரைப் பெண்கள் டீமில் ‘தெரிந்தே’ அனுமதிக்கக் கூடாது என்கிறது. எப்படித் தெரிந்துகொள்வது என்று விளக்கவில்லை. சரி, அப்படியென்றால் யார் தெரிந்துகொள்வது? நான்தான், என் எதிரே இருக்கும் கணினியோடு. தன் வாய்ப்புப் பறிபோனதாக நினைக்கும் மாணவி பள்ளியின் மேல் வழக்குப் போடவும் அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. ஃபார்மில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் முன்பெல்லாம் அம்மாவைக் கூப்பிட்டு நிரப்பச் சொல்வேன். இப்போது அதே கட்டம் காலியாக இருந்தால் மேலே அனுப்பிவிட வேண்டும் என்பது உத்தரவு.

உங்கள் யூட்டாவில் நடந்தது உங்களுக்கே நினைவிருக்கலாம். ஒரு போட்டியில் ஒரு பெண் பெரிய வித்தியாசத்தில் முதலிடம் பிடித்தாள். இரண்டாவதும் மூன்றாவதும் வந்த பெண்களின் பெற்றோர் புகார் கொடுத்தார்கள். மாநில விளையாட்டுச் சங்கம் அவளுடைய பள்ளிப் பதிவுகளைக் கிண்டர்கார்ட்டன் வரை பின்னோக்கிப் பார்க்கச் சொன்னது. எல்லா இடத்திலும் பெண் என்றே இருந்தது. அவள் பெண்தான். அவள் வீட்டுக்குத் தெரியாமலே இத்தனையும் நடந்திருக்கிறது. 2022 ஆகஸ்டில் சட்டமன்றக் குழு முன் சங்கமே இதைச் சொன்னது. ஒரு பெண் பார்ப்பதற்குப் பெண் மாதிரி இல்லை என்றுகூடப் புகார்கள் வருவதாகவும் சொன்னது.

உயரமான பெண், குட்டை முடி வைத்த பெண், தோள் அகலமான பெண், மேல் உதட்டில் லேசாக மீசை நிழல் உள்ள பெண். நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு இந்தக் கடைசி விஷயம் பொருந்தும், அதைப் பற்றி நாம் வெளியே பேசுவதில்லை. திருநங்கைப் பிள்ளைகளுக்கு எதிராகத்தானே சட்டம், நமக்கென்ன என்று எழுதிய நான்கைந்து பேருக்கும் இதுவே பதில்.

மொத்தம் எத்தனை பேர்தான் இருக்கிறார்கள்? அதைச் சொல்லுங்கள்.
— ஒரு வாசகர், சிகாகோ

யூட்டா கவர்னர் ஸ்பென்சர் காக்ஸ் குடியரசுக் கட்சிக்காரர். 2022 மார்ச்சில் தன் கட்சி கொண்டுவந்த தடையையே வீட்டோ செய்துவிட்டுக் காரணத்தை எழுதினார். மாநிலத்தில் 75,000 பேர் உயர்நிலைப் பள்ளியில் விளையாடுகிறார்கள். அவர்களில் நான்கு பேர் மாற்றுப்பாலினத்தவர். பெண்கள் டீமில் ஆடுபவர் ஒரே ஒருவர். சில நாட்களில் சட்டமன்றம் அவருடைய வீட்டோவை முறியடித்தது. எங்கள் கவர்னர் டிவைனும் அதே கட்சி. 2023 டிசம்பர் 29-ம் தேதி வீட்டோ செய்தார், ஜனவரி முடிவதற்குள் இரண்டு அவைகளும் முறியடித்தன. கல்லூரி அளவில், கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் தலைவர் சார்லி பேக்கர் 2024 டிசம்பரில் செனட் குழுவில் சொன்ன கணக்கு: 5,10,000 பேரில் பத்துக்கும் குறைவு.

எண்ணிக்கை குறைவு என்பதால் கேள்வியே இல்லை என்று ஆகிவிடாது. ஒரு ஃபைனலில் ஒருவர் போதும். ஆனால் 25-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் தனிச் சட்டம் போடும் அளவுக்கு இது எப்படிப் பெரிதாயிற்று என்று கேட்டால், தேர்தல் விளம்பரங்களைப் பாருங்கள் என்பேன்.

அதிபர் ட்ரம்ப்தான் உத்தரவு போட்டுவிட்டாரே. அப்புறம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு சட்டம் எப்படி? உச்ச நீதிமன்றம் என்ன செய்யும்?
— சட்டம் படிக்கும் மாணவர், பாஸ்டன்

தம்பி, பாடம் உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

2025 பிப்ரவரி 5-ம் தேதி வந்த உத்தரவு மாநிலச் சட்டத்தை அழிக்கவில்லை. பெண்கள் டீமில் திருநங்கைகளைச் சேர்க்கும் பள்ளிகளுக்கு மத்திய அரசுப் பணத்தை நிறுத்துவேன் என்கிறது. மறுநாளே என்.சி.ஏ.ஏ. தன் விதியை மாற்றிக்கொண்டது. மெய்ன் மாநில கவர்னர் ஜேனட் மில்ஸ் மட்டும் அதே மாதம் வெள்ளை மாளிகையில் அதிபரின் முகத்துக்கு நேரே, கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஏப்ரலில் விவசாயத் துறையிலிருந்து மெய்னுக்குப் போகும் நிதி நிறுத்தப்பட்டது, பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டுத் திட்டத்துக்கான நிதி உட்பட. ஒரு பெண் எந்த வரிசையில் நின்று ஓடுகிறாள் என்பதற்கும் இன்னொரு பிள்ளையின் மதியச் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நீதிபதி தடை போட்டு, மே மாதத்தில் சமரசமானது. நீதித்துறை தொடுத்த தனி வழக்கு அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.

உச்ச நீதிமன்றத்தின் முன் உள்ள கேள்விகள் இரண்டு. பெண்கள் டீமிலிருந்து திருநங்கை மாணவிகளை விலக்குவது அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தம் தரும் சமப் பாதுகாப்பை மீறுகிறதா? டைட்டில் நைனை மீறுகிறதா? இரண்டாவது, மேற்கு வர்ஜீனியா வழக்கில் மட்டும் வருவது. 18 வயதுக்குட்பட்டவர்களின் பாலின மாற்றச் சிகிச்சைக்கு டென்னசி போட்ட தடையை 2025 ஜூனில் அதே நீதிமன்றம் செல்லும் என்று சொன்னதையும், ஜனவரி வாதங்களில் பெரும்பான்மை நீதிபதிகள் கேட்ட கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால், மாநிலங்கள் ஜெயிக்கும் என்றுதான் தோன்றுகிறது. 2026 ஜூன் கடைசிக்குள் தீர்ப்பு வர வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தடை போடலாம் என்று சொல்வது வேறு, போட்டே ஆக வேண்டும் என்று சொல்வது வேறு. முதலாவதை மட்டும் சொன்னால் கலிஃபோர்னியா கலிஃபோர்னியாவாகவும் டெக்சஸ் டெக்சஸாகவும் நீடிக்கும். கூட்டாட்சி அரசு கலிஃபோர்னியா மேல் 2025 ஜூலையில் போட்ட வழக்கு, அந்த இரண்டாவதைக் கேட்டுத்தான்.

என் கூடப் படிக்கும் ஒருவன் திருநம்பி (பிறந்தபோது பெண், இப்போது பையனாக வாழ்கிறான்). பையன்கள் டீமில் ஆட அவனுக்கும் தடையா? யாருமே இதைப் பற்றி எழுதுவதில்லை ஆன்ட்டி.
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, நாஷ்வில்

நீ சொல்வது சரி, கண்ணு. பெரும்பாலான மாநிலங்களில் தடை பெண்கள் டீமுக்கு மட்டும். ஒஹாயோவில் பையன்கள் டீமில் யாரும் சேரலாம். உன் டென்னசியில் அப்படி இல்லை, பிறப்புப் பாலினம்தான் இரண்டு பக்கமும். பையன்கள் கோல்ஃப் டீமுக்கு முயற்சி செய்ய விரும்பிய ஒரு திருநம்பி மாணவர் 2021-ல் அங்கே வழக்கே போட்டார். கோல்ஃபில் யாருக்கு என்ன ஆபத்து என்று கேட்காதே, எனக்கும் தெரியாது.

டெக்சஸில் சட்டம் வருவதற்கு முன்பே பிறப்புச் சான்றிதழ் விதி இருந்தது. அதன்படி ஒரு திருநம்பி மாணவர் பெண்களோடுதான் மல்யுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அவர் டாக்டர் சொன்னபடி டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொண்டிருந்தவர். பையன்களோடு மோதத்தான் ஆசைப்பட்டார், விடவில்லை. 2017, 2018 இரண்டு வருடமும் பெண்கள் பிரிவில் மாநிலப் பட்டம் வாங்கினார். அரங்கில் அவரைப் பார்த்துக் கூச்சலிட்டவர்களும் இருந்தார்கள். பெண்களுக்கு நியாயம் செய்வதாகச் சொல்லும் விதி அந்த எடைப் பிரிவில் இருந்த பெண்களுக்கு என்ன செய்தது என்று உன் சமூக அறிவியல் வகுப்பில் கேட்டுப் பார்.

எல்லாம் சொல்லிவிட்டு நழுவுகிறீர்கள். உங்கள் சொந்தக் கருத்து என்ன?
— ஒரு வாசகர், சான் ஆன்டோனியோ

நழுவவில்லை. மாநில ஃபைனல், பட்டம், ஸ்காலர்ஷிப் என்று வரும் இடத்தில், ஆண் பருவ வளர்ச்சி முடிந்தவர்களுக்குத் தனி விதி வைப்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அந்த விதியை விளையாட்டுச் சங்கம் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும், சட்டமன்றம் அல்ல. ஒஹாயோவில் முன்பு அப்படித்தான் இருந்தது: ஓராண்டு ஹார்மோன் சிகிச்சை, அல்லது உடல்ரீதியான அனுகூலம் இல்லை என்பதற்கு மருத்துவ ஆதாரம். அந்த விதி எல்லாருக்கும் கொஞ்சம் அதிருப்தி தந்தது, ஆனால் வேலை செய்தது. நான்காம் வகுப்புப் பிள்ளையை, கட் என்பதே இல்லாமல் கேட்ட எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் டீமிலிருந்து விலக்குவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. எங்கள் நடுநிலைப் பள்ளி கிராஸ் கன்ட்ரியில் பாதிப் பேர் வருவதே முடிந்ததும் கிடைக்கும் டோனட்டுக்காக.

டிராக் மீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், ஷாட் புட் போடும் ஒரு பெண்ணைக் காட்டி, அது பையன் என்று சத்தமாகச் சொன்னார். ஃபோனில் வீடியோவும் எடுத்தார். நான் என்ன செய்திருக்க வேண்டும்?
— ஒரு வாசகி, டப்ளின், ஒஹாயோ

யாருக்குத் தகுதி இருக்கிறது என்பது அந்தப் பெண்ணுடைய பள்ளியின் பொறுப்பு, பார்வையாளர் வரிசையின் பொறுப்பு இல்லை. சந்தேகம் இருந்தால் மீட் டைரக்டரிடம் பெயர் போட்டு எழுத்தில் கொடுங்கள் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். சொந்தப் பெயரைப் போட வேண்டும் என்றாலே பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். வீடியோ எடுக்கிறார் என்றால் வாதம் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். நேரே கீழே இறங்கி, எறிதல் வட்டத்தின் அருகே நிற்கும் அதிகாரியிடமோ அந்தப் பெண்ணின் கோச்சிடமோ சொல்லுங்கள், எந்த வரிசை, என்ன நிறச் சட்டை என்பதோடு. மைதான நிர்வாகிக்கு ஆளை வெளியே அனுப்பும் அதிகாரம் உண்டு, அதை நாங்கள் பயன்படுத்தியும் இருக்கிறோம். அந்தப் பெண்ணிடம் மட்டும் எதுவும் சொல்லப் போகாதீர்கள், அவளுக்கு இன்னும் இரண்டு எறிதல் பாக்கி இருக்கும்.